பூனைக்கு உடம்பு முடியவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் பல வருடங்களாகப் பூனை இல்லாத நாளே கிடையாது. தெருவில் கிடைத்த குட்டிகள், யாரோ விட்டுவிட்டுப் போனவை, தானாகவே வந்து தங்கிவிட்டவை என்று எத்தனையோ. அக்கம்பக்கத்தில் யாருடைய பூனைக்கு முடியாமல் போனாலும் முதலில் எனக்குத்தான் போன் வரும். அப்படி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், எப்போது சற்றுப் பொறுக்கலாம், எதை வீட்டில் செய்யவே கூடாது என்பது தெரிந்திருந்தால் நிறையப் பூனைகள் பிழைக்கும். அதற்காகத்தான் இது.

நேற்று வரை நன்றாகத்தானே இருந்தது, ஒரே நாளில் எப்படி இப்படி ஆனது?

பெரும்பாலும் ஒரே நாளில் ஆகியிருக்காது. பூனை வலியை மறைத்துக்கொள்ளும். எலி பிடிக்கிற பூனையே நாய்க்கும் மற்ற பெரிய விலங்குகளுக்கும் இரையாகக் கூடிய சின்ன உயிர்தான். தனியாக வேட்டையாடிப் பழகியது, துணைக்குக் கூட்டமும் கிடையாது. பலவீனத்தை வெளியில் காட்டினால் ஆபத்து என்பது அதன் இயல்பிலேயே ஊறியிருக்கிறது. நாய்க்குக் கால் வலித்தால் நொண்டிக்கொண்டே நம்மிடம் வரும். பூனை கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். நாமும் தூங்குகிறது என்று விட்டுவிடுவோம்.

அதனால் நோயைத் தேடாதீர்கள், பழக்கத்தில் மாற்றத்தைத் தேடுங்கள். மீன்காரம்மா குரல் கேட்டதும் வாசலுக்கு ஓடும் பூனை இன்று தலையை மட்டும் தூக்கிப் பார்த்ததா? பீரோ மேல் தூங்கும் பூனை இரண்டு நாளாகத் தரையிலேயே கிடக்கிறதா? ஒட்டாத பூனை திடீரென்று மடியை விட்டு இறங்க மறுக்கிறதா? இதுவும் மாற்றம்தான். “கொஞ்சம் சோர்வாக இருக்கிறது, அவ்வளவுதான்” என்று சொல்லிக் கடந்துவிடுகிற இடத்தில்தான் பல பூனைகளை இழக்கிறோம்.

தினமும் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

தட்டையும் மணலையும் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். எவ்வளவு சாப்பிட்டது, தண்ணீர்க் கிண்ணம் எவ்வளவு குறைந்தது, மணல் தட்டில் சிறுநீர்க் கட்டிகள் எத்தனை, மலம் கெட்டியா இளகலா. வெளியே போய்வரும் பூனை என்றால் இது தெரியாது. முடியாமல் போனதாகத் தோன்றும் அன்று அதை வீட்டுக்குள் வைத்து ஒரு தட்டில் மணல் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது முடி. ஆரோக்கியமான பூனை விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பகுதியை நக்கிச் சுத்தம் செய்வதிலேயே கழிக்கும். முதுகு முடி எண்ணெய்ப் பிசுக்காக, பிரி பிரியாக நின்றால் அது நக்குவதை நிறுத்தியிருக்கிறது. வாய் வலி, மூட்டு வலி, காய்ச்சல், உடல் பருமன் எதுவும் காரணமாக இருக்கலாம்.

முகத்தைப் பார்த்து வலியைச் சொல்ல முடியும். மாண்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் இதற்கென்று ஓர் அளவுகோலே வெளியிட்டார்கள். அவர்கள் பார்க்கச் சொல்வது ஐந்து இடங்களை: காதுகள் பக்கவாட்டில் விலகியிருக்கின்றனவா, கண்கள் இடுங்கியிருக்கின்றனவா, மூக்கு வாய்ப் பகுதி இறுகியிருக்கிறதா, மீசை விறைத்து நிற்கிறதா, தலை தோளுக்குக் கீழே தொங்குகிறதா. நன்றாகத் தூங்கும் பூனை சுருண்டோ மல்லாந்தோ கிடக்கும். வலியில் இருப்பது நான்கு கால்களையும் அடியில் வைத்து, முதுகைக் கூனி, கண்ணை அரைகுறையாக மூடி உட்கார்ந்தே இருக்கும். இந்த வேறுபாட்டை ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது.

கண்ணின் உள் மூலையிலிருந்து வெள்ளையாக ஒரு சவ்வு பாதிக் கண்ணை மறைத்துக்கொண்டு நின்றால் அது மூன்றாவது இமை. தூக்கக் கலக்கத்தில் கொஞ்சம் தெரிவது சாதாரணம். முழுதாக விழித்திருக்கும்போதும் இரு கண்களிலும் தெரிந்தால் உடம்பு சரியில்லை என்று அர்த்தம். உதட்டைத் தூக்கி ஈறையும் பாருங்கள். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தாலும் மஞ்சளாக இருந்தாலும் நீலம் பாய்ந்திருந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

மணல் தட்டில் போய்ப் போய் உட்காருகிறது, ஒன்றும் வரவில்லை. மலச்சிக்கலா?

கடுவன் பூனை என்றால் இதற்கு மேல் படிக்காமல் கிளம்புங்கள். மற்ற கேள்விகளை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

எங்கள் கருப்பன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இப்படித்தான் செய்தான். மணலில் உட்கார்ந்தான், முக்கினான், எழுந்து பின்பக்கத்தை நக்கினான், மறுபடி போய் உட்கார்ந்தான். மலச்சிக்கல் என்று நினைத்து வேகவைத்த பூசணிக்காயைச் சோற்றில் பிசைந்து வைத்தேன். தொடவில்லை. மதியம் குளியலறைத் தரையில் உட்கார்ந்து அடித்தொண்டையில் கத்தினான். சாயங்காலம் வாந்தி எடுத்தான். இரவு மருத்துவர் வயிற்றைத் தொட்டவுடனே சொன்னார், மூத்திரப்பை கல் மாதிரி இருக்கிறது, அடைத்துக்கொண்டிருக்கிறது என்று. மயக்க ஊசி போட்டு டியூப் விட்டு எடுத்தார்கள். ரத்தமும் மணல் போன்ற துகளும் கலந்து வந்தது. நான்கு நாள் டிரிப்ஸ். பிழைத்துக்கொண்டான். காலையில் எட்டு மணிக்கே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை.

கடுவனின் சிறுநீர்ப் பாதை மிகக் குறுகலானது. படிகத் துகள்களும் சளியும் சேர்ந்த சின்ன அடைப்பு போதும். சிறுநீர் வெளியேறாவிட்டால் கழிவும் பொட்டாசியமும் ரத்தத்தில் ஏறும். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடும். முழு அடைப்பு என்றால் ஓரிரு நாளிலேயே உயிர் போகலாம். வயிற்றை அமுக்கி நீங்களே எடுத்துவிட முயலாதீர்கள், பை கிழிந்துவிடும். பெட்டைப் பூனைக்குப் பாதை அகலம் என்பதால் முழுதாக அடைப்பது அரிது. அதற்கும் அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போவதோ ரத்தம் வருவதோ இருந்தால் அன்றே காட்டுங்கள்.

இது ஒருமுறை வந்தால் மறுபடி வரக்கூடும். கருப்பனுக்கு இப்போது உலர் தீனி மட்டும் கொடுப்பதில்லை. ஈரமான உணவோ, உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் வேகவைத்த மீனை அதன் தண்ணீரோடோதான் தருகிறேன். வீட்டில் மூன்று இடங்களில் தண்ணீர் வைத்திருக்கிறேன். தீனிக்குப் பக்கத்திலும் மணலுக்குப் பக்கத்திலும் வைக்காமல் தள்ளி வைத்தபோது அதிகம் குடிக்கிறான்.

எத்தனை நாள் சாப்பிடாமல் இருந்தால் பயப்பட வேண்டும்?

நாள் கணக்கு இல்லை. வளர்ந்த பூனை 24 மணி நேரம் எதையும் தொடவில்லை என்றால் மருத்துவரிடம் பேசுங்கள். குட்டி என்றால் அரை நாளே அதிகம். “விரதம் இருக்கிறது, தானே சரியாகிவிடும்” என்று பெரியவர்கள் சொல்வார்கள். நாய்க்கு ஓரளவு பொருந்தலாம், பூனைக்குப் பொருந்தாது. பூனை பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலுக்குப் போய்ச் சேரும், ஈரலால் அதைக் கையாள முடியாது. குண்டுப் பூனைக்குச் சில நாட்களிலேயே ஈரல் செயலிழக்கத் தொடங்கிவிடும். முதலில் சாப்பிடாமல் போனதற்குக் காரணம் சின்னதாக இருந்தாலும், சாப்பிடாமல் இருந்ததே அடுத்த நோயாகிவிடுகிறது.

ஒரு விஷயம் பாருங்கள். தட்டருகே வந்து, முகர்ந்து, வாய் வைத்துவிட்டுச் சட்டென்று விலகுகிறதா? பசி இருக்கிறது, வாய் வலிக்கிறது. பல், ஈறு, நாக்குப் புண் பார்க்கச் சொல்லுங்கள். மூக்கு அடைத்திருந்தாலும் சாப்பிடாது. பூனை முதலில் மூக்கால்தான் சாப்பிடுகிறது. அப்படியென்றால் உணவைச் சற்றே வெதுவெதுப்பாக்கி வையுங்கள். வெந்நீர் திறந்துவிட்ட குளியலறையில் பத்து நிமிடம் உங்களோடு உட்காரவைத்தால் அடைப்பு கொஞ்சம் இளகும். முகத்துக்கு நேராக ஆவி பிடிக்கவைக்கக் கூடாது, தைலமும் தடவக் கூடாது.

பூனை வாந்தி எடுப்பது சகஜம்தானே?

எப்போதோ ஒருமுறை முடி உருண்டை வருவதும் புல் தின்றுவிட்டுக் கக்குவதும் சகஜம். வாராவாரம் வருவது சகஜமில்லை. ஒரே நாளில் மூன்று நான்கு முறை எடுத்தாலோ, தண்ணீர்கூடத் தங்காவிட்டாலோ, ரத்தம் வந்தாலோ காத்திருக்காதீர்கள்.

நம் வீடுகளில் நான் அதிகம் அஞ்சுவது நூலுக்குத்தான். பூக்கட்டும் நூல், தையல் நூல், ஊசியோடு சேர்ந்த நூல், பட்டத்து நூல். பூனையின் நாக்கில் உள்நோக்கி வளைந்த முட்கள் இருப்பதால் வாய்க்குள் போன நூலைத் துப்ப முடியாது, விழுங்கியே ஆக வேண்டும். ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையிலோ மாட்டிக்கொண்டால், குடல் சுருக்குப் பை மாதிரி அந்த நூலில் சுருங்கி அறுபடத் தொடங்கும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைப் பார்த்தால் இழுக்காதீர்கள், வெட்டவும் வேண்டாம். அப்படியே கொண்டுபோங்கள். வாடின பூச்சரத்தை மேசை மேல் போடாமல் மூடியுள்ள குப்பைத்தொட்டியில் போடுவது எங்கள் வீட்டுச் சட்டம்.

மூக்கு காய்ந்திருந்தால் காய்ச்சலா?

இல்லை. வெயிலில் படுத்து எழுந்தாலே காயும். காது சூடாக இருப்பதை வைத்தும் சொல்ல முடியாது. தெர்மாமீட்டர்தான் வழி, அதுவும் ஆசனவாயில் வைத்து. பழக்கமில்லை என்றால் மருத்துவரே பார்க்கட்டும். பூனையின் இயல்பான வெப்பநிலை 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நமக்குக் காய்ச்சலான 101 அதற்குச் சாதாரணம். 103-ஐத் தாண்டினால் காய்ச்சல். 99-க்குக் கீழே இறங்கிச் சோர்ந்து கிடந்தால் அது காய்ச்சலைவிட மோசம்.

வேகமாக மூச்சு வாங்குகிறது. வெயிலாலா?

நாய் வாய் திறந்து இளைப்பது இயல்பு, பூனை அப்படிச் செய்வது இயல்பில்லை. குட்டி வெறித்தனமாக விளையாடிவிட்டு ஒரு நிமிடம் இளைக்கலாம். சும்மா இருக்கும் பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அவசரம். தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும். 40-ஐத் தாண்டினால் இதயத்திலோ நுரையீரலிலோ பிரச்சினை இருக்கலாம். இப்போதே, பூனை நன்றாக இருக்கும் நாளில், ஒருமுறை எண்ணி எழுதி வையுங்கள். மூச்சுத் திணறும் பூனையைத் தூக்கி அமுக்கி மருந்து ஊற்றுவது உயிருக்கே ஆபத்து. அமைதியாகக் கூடையில் வைத்துக் கிளம்புங்கள்.

இதோடு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பூனை திடீரென்று அலறி, பின்னங்கால்கள் இரண்டும் இழுபட, தொட்டால் கால்கள் சில்லென்று இருந்தால் அடிபட்டதாக நினைக்க வேண்டாம். இதயத்திலிருந்து வந்த ரத்தக்கட்டி கால்களுக்குப் போகும் குழாயை அடைத்திருக்கலாம். தாங்க முடியாத வலி அது. தாமதிக்காதீர்கள்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கால் மாத்திரை கொடுக்கலாமா?

கூடாது. கால் மாத்திரையும் கூடாது, குழந்தைகளுக்கான சிரப்பும் கூடாது. இந்த மருந்தைப் பிரித்து வெளியேற்றத் தேவையான நொதி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. அது நஞ்சாக மாறி ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். ஈறு சாக்லேட் நிறமாகும், முகமும் பாதங்களும் வீங்கும், மூச்சு முட்டும். ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு வளர்ந்த பூனையைக் கொல்லும். அன்போடு கொடுத்துப் பறிகொடுத்த மூன்று பேரை எனக்குத் தெரியும். தெரியாமல் கொடுத்துவிட்டால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், சீக்கிரம் போனால் மாற்று மருந்து இருக்கிறது. இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகளும் வேண்டாம்.

காயத்துக்கு டெட்டால் ஊற்றுவதும் நம் ஊர்ப் பழக்கம். பூனை அதை நக்கும், அதுவும் நஞ்சு. உப்புக் கரைத்துக் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர் போதும். நாய்க்கு முதுகில் விடும் உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு வலிப்பு வந்து உயிர் போகலாம். தரை துடைக்கும் ஃபினாயில், பாச்சை உருண்டை, கற்பூரம், வெங்காயம், பூண்டு, பூங்கொத்தில் வரும் லில்லிப் பூ எல்லாவற்றையும் எட்டாத இடத்தில் வையுங்கள். லில்லியின் மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். நமது மாநில மலரான செங்காந்தளும், குறிப்பாக அதன் கிழங்கு, கடும் நஞ்சு.

தெருவிலிருந்து எடுத்துவந்த குட்டி சோர்ந்து கிடக்கிறது. பால் கொடுக்கலாமா?

முதலில் சூடு, பிறகுதான் உணவு. உடம்பு சில்லிட்ட குட்டிக்குச் செரிமானம் நடக்காது. துணியில் சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலை அருகில் வையுங்கள், விலகிப் படுக்க இடம் விட்டு. உடம்பு சூடானதும் ஈறில் துளி சர்க்கரைத் தண்ணீர் தடவலாம். மாட்டுப்பால் பல பூனைகளுக்கு வயிற்றுப்போக்கைத் தரும். குட்டிகளுக்கென்று விற்கும் பால் மாவுதான் நல்லது.

ஈறு வெளுத்திருந்தால் முடியை விலக்கிப் பாருங்கள். தெள்ளுப்பூச்சி ரத்தம் குடித்தே சின்னக் குட்டி செத்துப்போகும். பல் நெருக்கமான சீப்பால் வாரி எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

குட்டிக்கு வாந்தி, நாற்றமடிக்கும் பேதி, கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கவிட்டும் குடிக்காமல் இருப்பது என்றால் பான்லுகோபீனியாவாக இருக்கலாம். பூனைப் பார்வோ என்பார்கள். தடுப்பூசி போடாத குட்டிகளை இரண்டொரு நாளில் கொண்டுபோய்விடும். வைரஸ் வீட்டில் ஒரு வருடம் வரைகூட உயிரோடு இருக்கும். ஒரு பங்கு பிளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து துடைத்துப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும், பிறகு நன்றாகக் கழுவிக் காயவிட்டுத்தான் பூனையை விட வேண்டும். புதுக் குட்டியை இரண்டு வாரம் தனி அறையில் வையுங்கள். ஆறு முதல் எட்டு வார வயதில் மூன்று நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியைத் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை போட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி 12 வாரத்துக்கு மேல்.

குப்பைமேனி வேரைப் பார்த்தால் உருண்டு புரண்டு எச்சில் விடுகிறது. வலிப்பா?

இல்லை, மயக்கும் வாசனை. அந்தச் செடிக்குப் பூனைவணங்கி என்ற பெயரே அதனால்தான். சற்று நேரத்தில் தெளிந்துவிடும். நினைவில்லாமல் கால்கள் விறைத்து உதறி, படுத்த இடத்திலேயே சிறுநீர் போனால்தான் வலிப்பு.

குர்ர்ர் என்று சத்தம் போடுகிறது, அப்படியானால் நலமாகத்தானே இருக்கிறது?

சந்தோஷத்திலும் போடும், வலியிலும் பயத்திலும் சாகும் தறுவாயிலும் போடும். இதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

வயதான பூனை நிறையத் தண்ணீர் குடிக்கிறது. நல்லதுதானே?

பத்து வயதுக்கு மேல் திடீரென்று தண்ணீர் குடிப்பதும் சிறுநீர் போவதும் கூடினால் சிறுநீரக நோய், சர்க்கரை, தைராய்டு மூன்றையும் பார்க்க வேண்டும். நன்றாகச் சாப்பிட்டும் இளைத்தால் தைராய்டு, சர்க்கரையை நினைக்கலாம். மாதம் ஒருமுறை எடை பாருங்கள். நீங்கள் பூனையோடு ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்தால் போதும். 4 கிலோ பூனை 400 கிராம் குறைந்தால் கண்ணுக்குத் தெரியாது. 60 கிலோ ஆள் 6 கிலோ இளைத்ததற்குச் சமம் அது. சிறுநீரக நோயைக் குணப்படுத்த முடியாவிட்டாலும் சீக்கிரம் கண்டுபிடித்தால் உணவாலும் மருந்தாலும் பல பூனைகளை வருடக்கணக்கில் நன்றாக வைத்திருக்க முடிகிறது.

எங்கே, எப்படிக் கொண்டுபோவது?

கிராமத்தில் மாட்டாஸ்பத்திரி என்று சொல்லும் அரசுக் கால்நடை மருந்தகத்தில் பூனையையும் பார்ப்பார்கள். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் வேண்டுமென்றால் சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கல்லூரிகளிலும் மருத்துவமனை உண்டு. இரவு நேரத்தில் திறந்திருக்கும் இடம் உங்கள் ஊரில் எது என்று இன்றே விசாரித்து போனில் பதிந்து வையுங்கள். பூனை இழுத்துக்கொண்டிருக்கும்போது தேடுவது கொடுமை.

சாக்கிலோ கையிலோ கொண்டுபோகாதீர்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் கூடை போதும், மேலே துண்டு போட்டு மூடினால் பயம் குறையும். அந்தக் கூடையை எப்போதும் வீட்டில் திறந்தே வையுங்கள், அதில் தூங்கிப் பழகட்டும். இருமலையும் நொண்டுவதையும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், ஆஸ்பத்திரி மேசையில் பூனை எதையும் காட்டாது. கடைசியாக எப்போது சாப்பிட்டது, எப்போது சிறுநீர் போனது, என்ன மருந்து கொடுத்தீர்கள் என்பதைத் தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்.

மாத்திரை கொடுக்கும்போது கடித்துவிட்டது.

ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். பிறகு மருத்துவரிடம் போய் வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். வீட்டுப் பூனைதானே என்று விடாதீர்கள். பூனைக் கடி வெளியில் சின்ன ஓட்டையாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாகப் போய்ச் சீழ் வைக்கும். மாத்திரையைப் பொறுத்தவரை, விழுங்கியதும் ஊசி இல்லாத சிரிஞ்சில் 5 மில்லி தண்ணீர் மெதுவாக, பக்கவாட்டில் கொடுங்கள். டாக்சிசைக்ளின் போன்றவை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கிவிடும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பூனையைப் பார்த்து வீட்டில் இருக்கும் இன்னொரு பூனை சீறுகிறது, அடிக்கிறது. ஏன்?

முகத்தை வைத்து அல்ல, வாசனையை வைத்துத்தான் பூனைகள் ஒன்றையொன்று அறிகின்றன. வந்திருப்பது மருந்து வாசனை அடிக்கும் அந்நியன். கருப்பன் திரும்பி வந்தபோது அவனுடன் ஒரே தட்டில் சாப்பிட்ட மீனு இரண்டு நாள் அவனை அறைக்குள் விடவில்லை. வந்த பூனையை ஒருநாள் தனி அறையில் தூங்கவிடுங்கள். மீனு படுத்திருந்த பழைய துண்டை எடுத்து அவன் மேல் தடவினேன், அவனுடையதை அவளுக்குப் போட்டேன். கதவின் இரு பக்கமும் தீனி வைத்தேன். மூன்றாம் நாள் காலை கதவைத் திறந்தபோது அவள் வந்து, அவன் காதை முகர்ந்து, நக்கத் தொடங்கினாள்.